கொமாத்ரேயின் கார்டு

காற்றாடிகள் நின்ற காலையில் எங்கள் தெருவில் யாரும் வாய் திறக்கவில்லை. பழம் உறைந்துவிடாமலிருக்க மூன்று ராத்திரியாக ஆரஞ்சுத் தோப்புகளுக்கு நடுவே அந்த ராட்சசக் காற்றாடிகள் உறுமிக்கொண்டிருந்தன. அந்த இரைச்சலில் தூங்கிப் பழகியவர்கள் நாங்கள். அது நின்றால்தான் விழிப்புத் தட்டும். குளிர் விட்டதால் நிறுத்தினார்களா, இனிக் காப்பாற்ற ஒன்றுமில்லை என்று நிறுத்தினார்களா என்பதுதான் தெரிய வேண்டும். பக்கத்து டிரெய்லர் வீட்டுக் குகோ தோப்பிலிருந்து திரும்பியவன், சட்டைப் பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து என் வாசல் படியில் வைத்துக் கத்தியால் குறுக்கே அறுத்தான். சுளைகளுக்குள் பொடிப் பொடியாக ஐஸ்.

"போச்சு," என்றான்.

"எல்லாமேவா?"

"மேட்டுத் தோப்பு கொஞ்சம் தேறும். பள்ளத்துல இருக்கறது பூரா போச்சு, செஃபா. நீங்க பழம் பொறுக்கற ஷெட்டு இன்னும் ஒரு வாரம் ஓடினா பெரிசு."

அவன் மனைவி ஹெர்லிந்தா கதவருகில் நின்று பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை போகப்போகிறதே என்றுதான் நான் நினைத்தேன். அவள் கவலை வேறு.

"சம்பளம் போனா அடுத்த வருஷம் வரும்," என்றாள். "என் எண்ணு கீழ போயிடக் கூடாது, கடவுளே."

அந்த எண்ணைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கதை நகராது.

குகோவும் ஹெர்லிந்தாவும் ஒரு காசு கடன் வைத்தவர்கள் இல்லை. டிரக் வாங்கினாலும் ரொக்கம், ஃபிரிட்ஜ் வாங்கினாலும் ரொக்கம். ஷெட்டில் நாங்கள் பன்னிரண்டு பெண்கள் போடும் மாதச் சீட்டில் அவள் பணம்தான் முதலில் வந்து விழும். அப்படிப்பட்டவளைத்தான், வீடு கட்ட லோன் கேட்டுப் போன ஆபீஸில் உட்காரவைத்து, "உங்க பேருக்கு எதிரே எதுவுமே இல்லையேம்மா" என்றாள் அங்கே வேலை பார்க்கும் டெனிஸ். கடனே வாங்காதவளுக்குக் கடன் கிடைக்காதாம். நீச்சல் தெரிந்தால்தான் தண்ணீரில் இறங்கலாம் என்கிற கதை. சொந்தமாக ஒரு கிரெடிட் கார்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று டெனிஸ் சொல்லித்தான் பார்த்தாள். குகோ விடவில்லை. அவன் அப்பா பிறந்த ஊர்ப்பக்கம், மிச்சோவகானில், கடனுக்கு மாடு வாங்கி, மாட்டோடு நிலத்தையும் விட்டவர்.

அந்த ஆபீஸின் வீட்டுத் திட்டம் எங்களைப் போன்றவர்களுக்கென்றே செய்தது. எட்டுக் குடும்பம் சேர்ந்து எட்டு வீட்டையும் தங்கள் கையாலேயே கட்ட வேண்டும். வேலை முடிந்த சாயங்காலங்களிலும் சனி ஞாயிறுகளிலும் போய் ஒருத்தர் வீட்டுக்கு இன்னொருத்தர் ஆணி அடிக்க வேண்டும். எட்டும் முடிகிறவரை யாரும் குடிபோகக் கூடாது. உழைப்புதான் முன்பணம், மீதிக்கு லோன். அந்த லோனுக்குத்தான் எண் வேண்டும், கடனை ஒழுங்காகக் கட்டுகிறவர்களுக்கு இந்த நாட்டில் போடுகிற மார்க்.

எண்ணைக் கொடுத்தது எல்பிதியா.

எல்பிதியா எங்கள் பெல்ட்டின் தலைமாட்டில் நிற்பவள். பழம் உருண்டு வரும்போது முதலில் அவள் கை படும், அடுத்து என் கை, அப்புறம் ஹெர்லிந்தாவின் கை. வெடித்தது, பூஞ்சை பிடித்தது, தழும்பு விழுந்தது என்று நாங்கள் மூன்று பேரும் பொறுக்கித் தள்ளாத பழம் இந்த டுலாரிப் பள்ளத்தாக்கில் இருக்காது. எல்பிதியா கையில் ஒரு பழைய கார்டு. பதினெட்டு வருஷமாக ஒரு மாதம் தவறாமல் கட்டிவந்த கார்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால், சாப்பாட்டு நேரத்தில், தொர்த்தியா ரொட்டியை மடித்துக்கொண்டே ஹெர்லிந்தாவிடம் சொன்னாள்: "என் கார்டுல உங்க பேரையும் சேர்த்துடறேன் கொமாத்ரே. செலவு பண்றது நான், கட்டறது நான். நல்ல பேரு மட்டும் ரெண்டு பேருக்கும்."

ஹெர்லிந்தாவின் பெயர் அச்சடித்து ஒரு கார்டு தபாலில் வந்தது. உறையைக்கூடக் கிழிக்காமல் எடுத்துக்கொண்டு போய் எல்பிதியாவிடமே கொடுத்துவிட்டு வந்தாள். அதற்கப்புறம் மாதா மாதம் ஹெர்லிந்தாவின் மகள் யரெலி போனைப் பார்த்து எண்ணைச் சொல்வாள். எல்பிதியாவின் ஒழுங்கு இவள் பெயரிலும் ஏற ஏற, எண்ணும் ஏறிக்கொண்டே வந்தது. பையன் பரீட்சையில் மார்க் வாங்கியதுபோல் எனக்குக்கூடப் பெருமையாக இருந்தது.

அந்த மார்கழிக் குளிருக்குச் சற்று முன்னால்தான் எட்டுக் குடும்பத்தில் ஒன்றாக அவர்களைச் சேர்த்தார்கள். ஜனவரிக் கடைசியில் கையெழுத்து. "கையெழுத்துக்கு முன்னாடி உங்க எண்ணை இன்னொரு தடவை பார்ப்போம், நாங்க போட்ட கோட்டுக்கு மேல இருக்கணும்," என்று டெனிஸ் சொல்லியனுப்பினாள். "அதுவரைக்கும் எதையும் அசைக்காதீங்க. புதுசா ஒண்ணும் சேர்க்க வேணாம், இருக்கறதை எடுக்கவும் வேணாம்." இதை ஹெர்லிந்தா என்னிடம் சொன்னாள், குகோவிடம் சொன்னாள், பாதிரியாரிடம்கூடச் சொன்னாள். எல்பிதியாவிடம் மட்டும் சொல்லவில்லை.

"அவங்ககிட்டப் போய் அசைக்காதீங்கன்னா எப்படி இருக்கும்?" என்றாள். "அவங்க மேல கண்ணு வச்சிருக்கற மாதிரி இருக்காதா?"

எங்கள் ஜனங்களில் இது ஒரு வியாதி. அவர்கள் இரண்டு பேரும் குமரிகளாகத் தோப்பில் ஏணி தூக்கிய காலத்தில் வாடி போடி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஒருத்தி தலைமயிரை ஒருத்தி பிடித்து இழுத்துச் சண்டை போட்டதை நானே பார்த்திருக்கிறேன். யரெலிக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது எல்பிதியா ஞானத்தாயாக, மாத்ரினாவாக, குழந்தையை ஏந்தி நின்றாள். அன்றோடு சரி. குழந்தையின் அம்மாவும் ஞானத்தாயும் ஒருவருக்கொருவர் கொமாத்ரே ஆகிவிட்டார்கள். கொமாத்ரேயை 'டி' போட்டுப் பேசக் கூடாது. கொமாத்ரேயோடு சண்டை போட்டால் செத்த பிறகும் சாந்தி கிடையாது என்பார்கள் எங்கள் ஊரில். கொமாத்ரேயிடம் கணக்குக் கேட்பது அதைவிடப் பாவம். பதினாறு வருஷமாக வாங்க, போங்க, உக்காருங்கதான். நடுவில் நிற்கிற எனக்கு மட்டும் இரண்டு பக்கமிருந்தும் வாடி செஃபா, போடி செஃபா.

குகோ சொன்னபடியே ஒரு வாரத்தில் ஷெட்டை மூடினார்கள். கடைசி நாட்களில் பெல்ட்டில் வந்த பழமெல்லாம் வெளியே தங்கம்போல் மின்னியது. கையில் எடுத்தால் கனமே இல்லை, உள்ளே சாறு வற்றிப்போயிருந்தது. ஃபோர்மேன் மோட்டாரை நிறுத்தினார். எல்பிதியா கையுறையைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, இடுப்பைப் பிடித்தபடி நடந்து போனாள். கொஞ்ச காலமாகவே அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நடந்தாள். கேட்டால், "குளிருக்கு இறுகிப்போச்சு" என்பாள்.

ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்த ஒரு சாயங்காலம். ஹெர்லிந்தா வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். குகோ அடுப்பில் தொர்த்தியா திருப்பிக்கொண்டிருந்தான். வேலையில்லாத நாளில் அடுப்படி அவனுடையது, அந்த மட்டில் நல்ல மனுஷன். யரெலி போனைப் பார்த்துவிட்டுத் தாயைப் பார்த்தாள்.

"அம்மா, எறங்கியிருக்கு."

"எவ்வளவு?"

"நெறைய."

"நெறையன்னா?"

"டெனிஸ் சொன்ன கோட்டுக்கு இன்னும் மேலதான் இருக்கு. ஆனா கோடு கண்ணுக்குத் தெரியுது."

குகோ கரண்டியோடு திரும்பினான். "நாம ஒண்ணுமே வாங்கலியே. அது எப்படி எறங்கும்?"

"நாம வாங்கலப்பா. மாத்ரினா வாங்கியிருக்காங்க. அவங்க கார்டு பாதிக்கு மேல ரொம்பிடுச்சு. கார்டு ரொம்பினா எண்ணு எறங்கும். அவங்களுக்கு எறங்கினா அம்மாவுக்கும் எறங்கும்."

"அவங்க செலவுக்கு உங்கம்மா ஏன் எறங்கணும்?"

"ஏறும்போது கேட்டீங்களாப்பா, அவங்க கட்டறதுக்கு அம்மா ஏன் ஏறணும்னு?"

நான் காப்பிக் கோப்பைக்குள் சிரித்தேன். குகோ சிரிக்கவில்லை. தொர்த்தியா கருகிக்கொண்டிருந்தது.

"இன்னும் கொஞ்சம் ரொம்பினா?" என்று கேட்டாள் ஹெர்லிந்தா.

"கோட்டுக்குக் கீழ போயிடும்."

"போனா?"

"வீடு இல்லம்மா. உனக்கே தெரியுமே."

ஹெர்லிந்தா எழுந்து போய்ச் சட்டியைத் துடைத்தாள். சுத்தமாக இருந்த சட்டிதான்.

"நேராப் போய்க் கேட்டுடு," என்றேன் நான். "கேட்டா தலையா போயிடும்?"

"என்னன்னு கேக்கச் சொல்றே? கொமாத்ரே, என்ன வாங்கித் தின்னீங்கன்னா?"

"கையெழுத்து முடியற வரைக்கும் கொஞ்சம் கையை அடக்குங்கன்னு சொல்லு."

"அவங்க கார்டு. அவங்க பேரு. அவங்க போட்ட பிச்சையில நான் ஏறி நிக்கிறேன். அதை ஆட்டாதீங்கன்னு நான் போய்ச் சொல்றதா? நாக்கு அழுகிடும் செஃபா."

"அப்ப எண்ணு அழுகட்டும்," என்றேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. குகோ கருகிய தொர்த்தியாவை என் தட்டில் போட்டான்.

மறுநாள் காலையில் ஹெர்லிந்தா ஒரு பானை குடல் சூப்போடு என் கதவைத் தட்டினாள். "கொமாத்ரேயைப் பாக்கப் போறேன். நீயும் வா. தனியாப் போனா கேட்டாலும் கேட்டுடுவேன்." கேட்காமல் இருப்பதற்குத் துணை தேடுகிறவளை அன்றுதான் பார்த்தேன்.

எல்பிதியா, ஷெட்டுக்குப் பின்னால் ரயில் தண்டவாளத்தை ஒட்டிய இரண்டு அறை வீட்டில், புருஷன் போன பிறகு தனியாக இருக்கிறாள். கதவைத் திறக்க வெகுநேரம் ஆனது.

"வாங்க கொமாத்ரே. இந்தக் குளிர்ல எதுக்கு வந்தீங்க?"

"சும்மாதான். நேத்து வச்சது மிஞ்சிடுச்சு." அது விடியற்காலையில் எழுந்து வைத்த சூப்.

"உக்காருங்க. செஃபா, நீயும் உக்காருடி. நிக்கறதுக்கு இது பெல்ட் இல்ல."

உட்கார்ந்தோம். எல்பிதியா காப்பியில் பட்டையைப் போட்டுக் கொதிக்கவைத்தாள். ஒரு கையால் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் நகர்ந்தாள்.

"சர்க்கார் தர்ற வேலையில்லாப் பணம் வந்துச்சுங்களா?" என்றாள் ஹெர்லிந்தா.

"வரும். போன் போட்டேன். வரிசையில இருக்கீங்கன்னு பாட்டுப் போட்டுவிட்டாங்க. உங்களுக்கு?"

"வரும்."

"குகோவுக்கு?"

"கவாத்து வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. வாரத்துக்கு ரெண்டு நாள்."

"ரெண்டு நாள் நல்லதுதான்."

"நல்லதுதான்."

"யரெலி படிக்கிறாளா?"

"போனைப் படிக்கிறா."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரம் தீர்ந்துபோனது. ஹெர்லிந்தாவின் கண் அறையைச் சுற்றியது. சுவரோரம் புது ஹீட்டர் சிவந்து எரிந்துகொண்டிருந்தது. அலமாரியில் மருந்துக்கடைப் பைகள், ஒன்றல்ல, நாலைந்து. பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே அது தெரிந்தது என்றால் எதிரில் இருந்தவளுக்குத் தெரியாதா?

"ஹீட்டர் புதுசுங்களா, கொமாத்ரே?"

கேட்டே விட்டாள். கேட்டதும் அவள் முகம் செத்துப்போனது.

"பழசு அணைஞ்சு போச்சு," என்றாள் எல்பிதியா. "ரெண்டு ராத்திரி வெறைச்சுக் கெடந்தேன். கார்டுலதான் எடுத்தேன்."

"அதுக்கென்ன கொமாத்ரே. உங்க கார்டு."

எல்பிதியா எழுந்து போய், பாத்திரம் துடைக்கிற துணியை எடுத்து அந்த மருந்துப் பைகளின்மேல் போட்டு மூடினாள். அப்புறம் மூன்று பேரும் சூப்பைப் பற்றியே பேசினோம். உப்பு சரியாக இருந்ததாம்.

திரும்பும் வழியில், "கேக்கலியே நீ," என்றேன்.

"ஹீட்டர் புதுசான்னு கேட்டேனே. அதுவே அதிகம்." தண்டவாளத்தைத் தாண்டும்போது அழுதுகொண்டிருந்தாள். "அவங்க குளிர்ல வெறைச்சுக் கெடந்திருக்காங்க. நான் போய் ஹீட்டரை எண்ணிட்டு வந்திருக்கேன்."

அதற்கப்புறம் மூடுபனி இறங்கியது. ஜனவரியில் எங்கள் பள்ளத்தாக்கை மூடும் அந்தப் பனியில் எதிர் டிரெய்லர்கூடத் தெரியாது. பள்ளிக்கூட பஸ் தாமதமாக வரும், டிரக்குகள் ஹாரனை அடித்துக்கொண்டே ஊரும். வேலையில்லாதவர்களுக்கு அது இன்னும் கொடுமை. வெறும் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும். ஹெர்லிந்தா தினமும் மகளிடம் போனைக் காட்டச் சொன்னாள். யரெலி, "தெனமும் மாறாதும்மா, மாசத்துக்கு ஒரு தடவைதான்" என்பாள். இவள் கேட்கமாட்டாள். ராத்திரி சாப்பிடமாட்டாள். எண் இறங்காமல் இருக்க, கண்ணுக்குத் தெரிந்த ஒவ்வொரு புனிதருக்கும் ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள்.

கையெழுத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது யரெலி பள்ளிக்கூடப் பையைக்கூட இறக்காமல் உள்ளே வந்தாள்.

"அம்மா. எண்ணு இல்ல."

"எறங்கிடுச்சா?"

"எறங்கல. இல்லவே இல்ல. எண்ணு இருந்த எடத்துல வெறும் சின்னக் கோடு இழுத்திருக்கு."

"போனை அணைச்சுத் திரும்பப் போடு."

"போட்டுப் பாத்துட்டேன்." யரெலி விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "மாத்ரினா கார்டே உன் பேர்ல இல்லம்மா. உன் பேரை எடுத்துட்டாங்க."

அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு கார்டுதான். அது போனதும் பழையபடி வெள்ளைக் காகிதம்.

குகோ நாற்காலியில் உட்கார்ந்தான். "ஹீட்டரைக் கேட்டல்ல. கோவம் வந்திருக்கும். மானஸ்தி."

ஹெர்லிந்தா ஸ்வெட்டர்கூடப் போடாமல் பனிக்குள் இறங்கி நடந்தாள். நான் என் கம்பளியை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். முன்னால் போகிறவளின் செருப்புச் சத்தம்தான் எனக்கு வழிகாட்டி.

எல்பிதியா கதவைத் திறந்தாள். "வாங்க கொமாத்..."

"ஏண்டி எல்பிதியா, என்னடி பண்ணித் தொலைச்சே?"

எனக்குச் சாமி படத்தைத் தூக்கித் தரையில் அடித்ததுபோல் இருந்தது. எல்பிதியா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உள்ள வாங்க. குளிருது."

"என் பேரை எதுக்கு எடுத்தே? ஹீட்டரைக் கேட்டதுக்கா? கேட்டது தப்புன்னா என் மூஞ்சியில துப்பியிருக்கலாமே. வீட்டுலயா கை வைப்பே?"

"வீட்டுலயா?" எல்பிதியாவுக்கு விளங்கவில்லை. "நான் உங்க நல்லதுக்குத்தான் எடுத்தேன்."

"என் நல்லதுக்கா?"

"அன்னிக்கு உங்க பார்வையிலயே தெரிஞ்சு போச்சு, என் கடன் உங்க மேல ஏறுதுன்னு. கார்டுக்காரங்களுக்குப் போன் போட்டேன். பேரை எடுத்துட்டா அவங்க மேல என் கடன் ஒட்டாதில்லையான்னு கேட்டேன். ஒட்டாதுன்னாங்க. எடுத்துடுங்கன்னேன்."

"உன் பதினெட்டு வருஷமும் ஒட்டாதுன்னு சொன்னாங்களா?"

எல்பிதியா கதவை விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்தாள்.

"சொன்னாங்களாடி?"

"அதை நான் கேக்கலியே."

"எங்கிட்டக் கேட்டிருக்கலாம்ல. எதையும் அசைக்காதீங்கன்னு டெனிஸ் படிச்சுப் படிச்சுச் சொன்னாளே."

"அதை நீங்க எங்கிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னா உன்னைச் சந்தேகப்படற மாதிரி இருக்குமேன்னு..." என்று இழுத்தாள் ஹெர்லிந்தா.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாசல் வழியாகப் பனி உள்ளே வந்துகொண்டிருந்தது. நான்தான் கதவைச் சாத்தினேன். எல்பிதியா தடுமாறி நாற்காலியைத் தேடினாள். ஹெர்லிந்தா தன்னை அறியாமல் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"இடுப்பெலும்பு தேஞ்சு போச்சாம்," என்றாள் எல்பிதியா. "ஷெட்டு தெறந்தாலும் இனி பெல்ட்டுல நிக்க முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டான். அந்தப் பையெல்லாம் அதுக்குத்தான். யார்கிட்டயும் சொல்லல. எனக்கு பயமா இருந்துச்சுடி, ஹெர்லி. அடுத்த மாசம் கார்டுக்குக் கட்ட முடியுமான்னே தெரியல. ஒரு தடவை தவறினா அந்தக் கரி உன் மேலயும்தான் விழும். அதுக்குள்ள உன்னைக் கரையில எறக்கி விட்டுடலாம்னு நெனச்சேன்."

ஹெர்லிந்தா அவள் காலடியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். திட்ட வந்த வார்த்தையெல்லாம் எங்கே போயிற்றோ. "சொல்லியிருக்கலாமேடி," என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். அதை யாருக்குச் சொன்னாள் என்று எனக்குத் தெரியவில்லை.

டெனிஸ் நல்லவள்தான். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. ஆனால் எட்டுக் குடும்பமும் ஒரே நாளில் கையெழுத்துப் போட வேண்டும், ஒருத்தருக்காக ஏழு பேரை நிறுத்திவைக்க முடியாது. பெயரைத் திரும்பச் சேர்த்தாலும் எண் மறுபடி தலைகாட்ட மாதக்கணக்காகும். வரிசையில் அடுத்து இருந்த குடும்பத்துக்கு இடம் போனது. அடுத்த குழு அக்டோபரில், அதற்குள் எண் கோட்டுக்கு மேலே வந்தால் முதல் பெயர் உங்களுடையது என்றாள். குகோ தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே கேட்டுவிட்டு வந்தான்.

வீட்டுக்கு வந்ததும் ஃப்ரெஸ்னோவிலிருக்கும் தன் சித்தி மகன் அம்ப்ரோசியோவுக்குப் போன் போட்டான். அவனிடமும் ஒரு கார்டு இருந்தது, ஒரு காசு கடனில்லாத கார்டு. ஹெர்லிந்தாவின் பெயரைச் சேர்க்க உடனே சம்மதித்தான்.

"மொதல்ல சீட்டுப் பணம் வரட்டும்," என்றாள் ஹெர்லிந்தா. பிப்ரவரிச் சீட்டு அவளுடைய முறை. புது வீட்டுக் கதவு ஜன்னலுக்கென்று வருஷம் முழுக்க நினைத்திருந்த பணம்.

"சீட்டுக்கும் இதுக்கும் என்ன?"

"அதை எடுத்துக் கொமாத்ரே கார்டுல கட்டப் போறேன். அப்புறம் அதுலயே என் பேரைச் சேர்க்கச் சொல்லப் போறேன்."

குகோ என்னைப் பார்த்தான், நான் ஏதாவது சொல்வேன் என்று. 

"முழுகற கப்பல்ல ஏற, காசு குடுத்து டிக்கெட் எடுக்கறியா?"

"இத்தனை நாளும் அந்தக் கப்பல்லதானே வந்தேன்."

"அம்ப்ரோசியோ கார்டு சுத்தமா இருக்கு, ஹெர்லி. சும்மா தர்றான். அக்டோபருக்குள்ள ஏறிடலாம். இவங்க கார்டுன்னா அடுத்த மாசம் யாரு கட்டுவா? இன்னொரு தடவை பனி அடிச்சா? வீடு போயிடும். உனக்கு பயமா இல்லையா?"

"பயமாத்தான் இருக்கு. ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல." அவள் குகோவின் கையிலிருந்த தொப்பியை வாங்கி ஆணியில் மாட்டினாள். "நாம வேற எடம் பாத்துட்டோம்னு தெரிஞ்சா அவங்க எந்திரிக்க மாட்டாங்க. இடுப்பு இல்ல, உசுரே போயிடும். மூணு வருஷம் அவங்க ஒழுங்கை நான் போட்டுக்கிட்டுத் திரிஞ்சேன். இப்ப அவங்க கடனையும் கொஞ்ச நாள் போட்டுக்கறேன். மாசா மாசம் கட்டறதை நானே போய் நின்னு பாத்துக்கறேன். இனிமே கேப்பேன். வெக்கப்படாமக் கேப்பேன்."

குகோ அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் கவாத்துக்குப் போனான். சாயங்காலம் கூலியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தவன், "இதுல கொஞ்சம் அந்தக் கப்பலுக்கு" என்றான். ஆண்களுக்குச் சம்மதம் சொல்ல நேர் வழி தெரியாது.

தோப்பில் மேட்டு மரங்கள் பூத்துவிட்டன. ஊரே மணக்கிறது. ஊருக்கு வெளியே புதுத் தெருவில் எட்டு வீட்டுக்கும் சிமெண்டுத் தளம் போட்டு மரச்சட்டம் எழும்பிவிட்டது. எந்த வீடு ஹெர்லிந்தாவுடையதாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். மூலையில் இருப்பது. அந்த ஒரு 'டி' ஹீட்டரைப் பார்த்த அன்றே வாயில் வந்திருந்தால், இந்நேரம் அவள் அங்கே ஏணிமேல் நின்று ஆணி அடித்துக்கொண்டிருப்பாள். எனக்கு அந்த மரியாதையின் மேலேயே கோபம் தீரவில்லை.

பிப்ரவரியில் ஹெர்லிந்தா கார்டுக்குப் பணத்தைக் கட்டிய மறுநாள் எல்பிதியாவைத் தன் வீட்டுக்கு அழைத்துவந்தாள். எல்பிதியா கைத்தடியை மேஜையில் சாய்த்துவிட்டுப் போனில் எண்களை அழுத்தினாள். ஸ்பானிஷ் பேசுகிறவர் வர நேரமாகும் என்றது போன். இங்கிலீஷிலேயே பேசிக்கொள்கிறேன் என்றாள். எல்லாருக்கும் கேட்க யரெலி ஸ்பீக்கரைப் போட்டாள். குகோ கதவில் சாய்ந்து நின்றான்.

அந்தப் பக்கத்தில் ஒரு சின்னப் பெண்ணின் குரல். பிறந்த தேதி கேட்டாள், முகவரி கேட்டாள். ஹெர்லிந்தாவின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொன்னாள்.

"இவங்களைப் போன மாசம்தான எடுத்தீங்க?"

"ஆமா. தெரியாமப் பண்ணிட்டேன்."

"திரும்பச் சேர்க்கறதுல உங்களுக்குச் சம்மதந்தானே?"

எல்பிதியா ஹெர்லிந்தாவைப் பார்த்தாள். "அவங்களைக் கேளுங்க," என்றாள். "என் கார்டுல இன்னும் கடன் நிக்குது. அது அவங்களுக்குத் தெரியணும்."

"தெரியும்," என்றாள் ஹெர்லிந்தா சத்தமாக. "பில்லே எங்கிட்டத்தான் இருக்கு."

"சரி. அவங்க உங்களுக்கு என்ன உறவு?"

எல்பிதியா வாயைத் திறந்தாள். கொமாத்ரே என்றால் அந்தப் பெண்ணுக்கு விளங்காது. "அக்கா தங்கச்சின்னு சொல்லிடுங்க மாத்ரினா," என்று யரெலி கிசுகிசுத்தாள். எல்பிதியா தலையை ஆட்டி மறுத்தாள். பொய்யில் ஆரம்பிக்க அவளுக்கு மனசில்லை. எதிரில் நின்ற யரெலியையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"என் மகளோட அம்மா," என்றாள்.

போனில் தட்டச்சு செய்கிற ஓசை நின்றுவிட்டது.

"அப்படி எங்ககிட்ட ஒண்ணும் இல்லைங்களே," என்றாள் அந்தப் பெண். "'மற்றவை'ன்னு போட்டுக்கவா?"

எல்பிதியா கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஹெர்லிந்தா மேஜைமேல் குனிந்து போனுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனாள்.

"போட்டுக்கம்மா," என்றாள். "கார்டை எங்க வீட்டுக்கே அனுப்பு. இந்தத் தடவை அது எங்கிட்டயே இருக்கும்."